டெல்லி சுற்றிப் பார்க்க: இடங்களுக்கு முன்னால் கிழமைகளை எழுதுங்கள்

ஊரிலிருந்து டெல்லிக்கு வரும் உறவினர்களைச் சுற்றிக்காட்டுவது பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்த வேலை. வருகிற எல்லார் கையிலும் ஒரு தாள் இருக்கும். செங்கோட்டை, குதுப் மினார், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், குடியரசுத் தலைவர் மாளிகை என்று வரிசையாகப் பதினைந்து இருபது பெயர்கள். கிழமை மட்டும் அந்தத் தாளில் இருக்காது.

ஒருமுறை என் சித்தப்பா குடும்பம் நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் தாங்களாகவே கிளம்பிவிட்டது. முதலில் செங்கோட்டை. பூட்டியிருந்தது. ஆட்டோ பிடித்துத் தாமரைக் கோயில் போனார்கள், அதுவும் பூட்டு. "சரி, அக்ஷர்தாமாவது பார்ப்போம்" என்று மெட்ரோ ஏறி அங்கே போய் நின்றபோதுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. அன்று திங்கள்கிழமை. மூன்றுக்குமே வார விடுமுறை.

அதன் பிறகு யார் வந்தாலும் கீழே உள்ள வரிசையில்தான் திட்டம் போடச் சொல்கிறேன். இதில் வரிசை முக்கியம். விடுதியை முதலில் பிடித்துவிட்டுக் கிழமையைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் இறுதி வரை. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல காலம் கிடையாது. குளிர் தணிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதும் இந்தச் சமயத்தில்தான். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் வருபவர்கள்தான் அதிகம். அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டி 45 வரைகூடப் போகும். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று நினைக்காதீர்கள். இங்கே வியர்வை தெரியாது, காற்றே சுடும். வேறு வழியில்லை என்றால் காலை 10 மணிக்குள் ஒன்று, மாலை 5 மணிக்கு மேல் ஒன்று என்று நாளை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள நேரம் அருங்காட்சியகத்துக்கு அல்லது தூக்கத்துக்கு.

அக்டோபர் இறுதியும் நவம்பரும் பார்வைக்கு இதமான மாதங்கள். ஆனால் தீபாவளியை ஒட்டிக் காற்று மிக மோசமாகும். ஆஸ்துமா உள்ளவர்களையும் முதியவர்களையும் அந்த வாரங்களில் அழைத்து வராதீர்கள். வந்துதான் ஆக வேண்டும் என்றால் என்95 முகக்கவசம் வேண்டும், துணி முகக்கவசம் போதாது.

டிசம்பர் கடைசியும் ஜனவரியும் மூடுபனிக் காலம். ரயில்களும் விமானங்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். இரவில் குளிர் 5 டிகிரி பக்கம் இறங்கும், விடுதி அறைகள் பலவற்றில் ஹீட்டர் இருக்காது. ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஒரு ஸ்வெட்டரை நம்பி வருகிறார்கள். ஒரு தடித்த உடையைவிட மெல்லிய உடைகளை மூன்று அடுக்காகப் போடுவதே மேல். பகலில் வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்ற முடியும்.

2. கிழமைகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எது மூடியிருக்கும் என்று குறியுங்கள். இடங்களின் பட்டியலை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும்.

திங்கள்கிழமை செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், தீன் மூர்த்தி வளாகத்தில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, குடியரசுத் தலைவர் மாளிகை எல்லாமே விடுமுறை. சரோஜினி நகர், லஜ்பத் நகர், கரோல் பாக் சந்தைகளும் பெரும்பாலும் அன்று மூடியிருக்கும்.

அப்படியானால் திங்களன்று அறையில் உட்கார்ந்திருப்பதா? தேவையில்லை. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, புராண கிலா, ஜந்தர் மந்தர், லோதி தோட்டம், இந்தியா கேட், தேசியப் போர் நினைவிடம், பங்களா சாஹிப் குருத்வாரா ஆகியவை அன்றும் திறந்திருக்கும். இவற்றைத் திங்களுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். வேறு நாளில் இவற்றைப் பார்த்துத் தீர்த்துவிட்டுத் திங்களன்று வெறுங்கையோடு நிற்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

ஞாயிறன்று சாந்தினி சௌக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கூட்டம் குறைவு என்று அன்று போகச் சொல்பவர்கள் உண்டு. கடைகள் இல்லாத சாந்தினி சௌக்கில் என்ன பார்ப்பது என்று எனக்குப் புரிவதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜாமா மசூதியில் தொழுகைக் கூட்டம் நிறைந்திருக்கும். மற்ற நாட்களிலும் தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விட மாட்டார்கள். ஆக்ராவில் தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

கிழமை தவிர தேதியும் பார்க்க வேண்டும். ஜனவரி 26 அணிவகுப்புக்கான ஒத்திகைகள் அதற்கு முந்தைய வாரங்களிலேயே தொடங்கிவிடும். கர்த்தவ்ய பாதையைச் சுற்றிய சாலைகளை அடைப்பார்கள். 29ஆம் தேதி பாசறை திரும்பும் நிகழ்ச்சி முடியும்வரை அந்தப் பகுதியில் எதையும் நம்பித் திட்டம் போட முடியாது. அணிவகுப்பைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அது வேறு. அதற்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆமந்த்ரண் தளத்தில் டிக்கெட் விற்பார்கள். அதே போல ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் பார்வையாளர்களை விட மாட்டார்கள். எத்தனை நாட்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

3. முன்பதிவுகளை இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் ரயில். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 60 நாட்கள்தான். பழைய 120 நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் முன்பே டிக்கெட் தேடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கும் பண்டிகைக்கும் அறுபதாம் நாள் காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

அடுத்தது குடியரசுத் தலைவர் மாளிகை. நேரம் குறித்துத் தரும் இடம் இது ஒன்றுதான், அதனால் மற்ற எல்லாம் இதைச் சுற்றித்தான் அமைய வேண்டும். மாளிகையின் சொந்தத் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். பிரதான கட்டடம், அருங்காட்சியகம், தோட்டம் என்று தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். எது வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வருகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டை விவரமும் கேட்கும். எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும் என்பது உறுதிச்சீட்டில் இருக்கும், அதைப் படியுங்கள். வளாகம் மிகப் பெரியது. தவறான வாயிலில் இறங்கி, சரியான வாயிலுக்கு நடந்து போவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

பிறகு விடுதி. கடைசியாகத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களுக்கான டிக்கெட். செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை மூன்றுக்கும் முந்தைய நாள் இரவு செல்பேசியிலேயே வாங்கிவிடலாம். வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் பலகையை ஸ்கேன் செய்து வாங்கவும் முடியும், ஆனால் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் செய்யும்போது இணையம் திணறும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளை உயரமாக இருந்தால் வயதைக் காட்ட ஆதார் வைத்துக்கொள்ளுங்கள்.

4. எந்த நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டெல்லியில் இருப்பது ஒரே ஒரு ரயில் நிலையம் அல்ல. சென்னை சென்ட்ரலில் இரவு புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலை புது டெல்லி நிலையத்துக்கு வரும். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தியும் ஹஸ்ரத் நிஜாமுதீனில் நிற்கும். பழைய டெல்லி, ஆனந்த் விஹார் என்று இன்னும் இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு. அழைத்துப்போக வருபவர் ஒரு நிலையத்திலும் நீங்கள் இன்னொன்றிலும் நிற்கக் கூடாது.

புது டெல்லி நிலையத்துக்கு இரண்டு பக்கம். முதல் பிளாட்பாரம் பஹார்கஞ்ச் பக்கம், பதினாறாம் பிளாட்பாரம் அஜ்மேரி கேட் பக்கம். மெட்ரோ இருப்பது அஜ்மேரி கேட் பக்கத்தில். தெரியாமல் எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டால் பெட்டிகளோடு மேம்பாலம் ஏறித் திரும்ப வேண்டும்.

வெளியே வந்ததும் யாராவது ஆங்கிலத்தில் இனிமையாகப் பேசிக்கொண்டு வருவார். உங்கள் விடுதிப் பக்கம் கலவரம், சாலை அடைப்பு, உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது, "அரசு சுற்றுலா அலுவலகம்" பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஏதாவது சொல்வார். பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். நின்று "அப்படியா?" என்று கேட்டால் ஒரு டிராவல்ஸ் கடை நாற்காலியில்தான் போய் முடியும்.

காலை 7 மணிக்கு வந்து சேர்வீர்கள், விடுதியில் அறை நண்பகலில்தான் கிடைக்கும். பெட்டியை முன்கூட்டியே விடுதியில் வைக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் நிலையத்தின் கிளோக் ரூம் இருக்கிறது. அங்கே பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள். ஜிப் வைத்த துணிப்பைக்கும் சின்னப் பூட்டு ஒன்று ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள், பயணச்சீட்டையும் கையில் வைத்திருங்கள்.

விமானத்தில் வருபவர்கள் எந்த முனையம் என்று பார்க்க வேண்டும். மூன்றாம் முனையத்திலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ சுமார் 20 நிமிடத்தில் புது டெல்லி நிலையத்தில் விடும். முதல் முனையம் தனியாக, தள்ளி இருக்கிறது. அதற்கு மெஜந்தா தடம். திரும்பும்போது இதைக் குழப்பிக்கொண்டு விமானத்தைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

வந்து சேரும் நாளில் நேரம் குறித்த முன்பதிவு எதையும் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் இதைக் கட்டாயமாகக் கொள்ளுங்கள்.

5. மெட்ரோவுக்கு நடந்துபோகும் தூரத்தில் தங்குங்கள்

விலை குறைவாகத் தெரிகிறது என்று விமான நிலையத்துக்கு அருகே மஹிபால்பூரில் அறை எடுப்பவர்கள் உண்டு. மிச்சப்படுத்திய பணம் தினமும் டாக்சிக்குப் போய்விடும். மஞ்சள் தடம் அல்லது நீலத் தடத்தின் ஒரு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் தங்குங்கள். குடும்பத்தோடு வருபவர்களுக்குக் கரோல் பாக் வசதி. பஹார்கஞ்ச் மலிவு, ஆனால் சந்துகள் நெரிசல். வயதானவர்கள் இருந்தால் யோசியுங்கள்.

முன்பதிவுக்கு முன் விடுதிக்குத் தொலைபேசி செய்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். லிஃப்ட் உண்டா? குளியலறையில் கீசர் வேலை செய்கிறதா? ஜனவரியில் இரண்டாவது கேள்விதான் பெரிது.

6. நாட்களைத் திசைவாரியாகப் பிரியுங்கள்

குதுப் மினார் நகரின் தெற்குக் கோடி, செங்கோட்டை வடகிழக்கு. இரண்டையும் ஒரே காலையில் வைத்தால் பாதி நேரம் சாலையில் போகும். நான் நான்கு கட்டாகப் பிரித்துக் கொடுப்பேன்.

முதல் கட்டு பழைய டெல்லி. செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாள், முடிந்தால் வெள்ளியைத் தவிர்த்து. வயலெட் தடத்தில் லால் கிலா நிலையம். செங்கோட்டை 9.30க்குத் திறக்கும்போது வாசலில் இருங்கள். லாகூரி கேட் வழியாக நுழைந்து முதலில் கடைசிவரை நடந்துவிட்டு, அருங்காட்சியகங்களைத் திரும்பும் வழியில் பாருங்கள். முதலிலேயே அருங்காட்சியகத்தில் நுழைந்தால் மாளிகைகளை உச்சி வெயிலில்தான் பார்ப்பீர்கள். அங்கிருந்து ஜாமா மசூதி, நண்பகல் தொழுகைக்கு முன். பிறகு சாந்தினி சௌக். அதன் பிரதான வீதியில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்கும், ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

இரண்டாவது கட்டு நடு டெல்லி. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு உங்களுக்குக் கிடைத்த நேரம் எதுவோ அதுதான் இந்த நாளின் ஆணி. அதற்கு முன்னோ பின்னோ பிரதமர்கள் அருங்காட்சியகம் அல்லது தேசிய அருங்காட்சியகம், இரண்டில் ஒன்று. இரண்டையும் வைத்தால் பிள்ளைகள் இரண்டாவதில் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

மாலையில் இந்தியா கேட். அங்கே நின்று பார்த்தால் மாளிகையின் குவிமாடம் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். "நடந்தே போய்விடலாமே" என்று கிளம்புவார்கள். சாலை நேராக இருப்பதால் வரும் ஏமாற்று அது. உண்மையில் சுமார் 3 கிலோமீட்டர். போர் நினைவிடத்தை மட்டும் சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் அடைந்துவிடுங்கள். மாலையில் நடக்கும் மரியாதை நிகழ்ச்சியைப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. வட்டச் சுவர்களில் கிரானைட் பலகைகளில் வீரர்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் இருக்கும், மொத்தம் 25,000க்கு மேல். அங்கே தமிழ்ப் பெயர் தேடி நின்று நின்று நடக்காத உறவினர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதற்கு நேரம் விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

மூன்றாவது கட்டு தெற்கு. இதுதான் திங்கள்கிழமைக்கு உரியது. குதுப் மினார் சூரிய உதயத்திலேயே திறந்துவிடும், 8 மணிக்குள் போனால் கூட்டமில்லாமல் பார்க்கலாம். அடுத்து ஆர்.கே. புரம் பகுதிக்குப் போங்கள். மலை மந்திர் எனப்படும் உத்தர சுவாமி மலை முருகன் கோயில் அங்கேதான். ஆனால் நண்பகலில் நடை சாத்தியிருக்கும், அதற்கு முன்னால் போய்விட வேண்டும். மாலை வெயிலில் ஹுமாயூன் கல்லறை. கற்கள் சிவக்கும் நேரம் அது, படம் எடுப்பவர்கள் இதைக் காலையில் வைக்காதீர்கள். அதன் பக்கத்திலேயே சுந்தர் நர்சரி தோட்டம். தெம்பு இருந்தால் இரவு ஐ.என்.ஏ. நிலையத்தை ஒட்டிய தில்லி ஹாட் என்ற கைவினைச் சந்தை.

நான்காவது கட்டு தாமரைக் கோயிலும் அக்ஷர்தாமும். காலையில் கால்காஜி மந்திர் நிலையத்தில் இறங்கித் தாமரைக் கோயில். பிறகு வயலெட் தடத்தில் மண்டி ஹவுஸ் வந்து, நீலத் தடத்துக்கு மாறி அக்ஷர்தாம். பிற்பகல் 3 மணிக்கு உள்ளே போனால் இருட்டிய பின் நடக்கும் நீரூற்றுக் காட்சிவரை இருக்கலாம். இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

7. மெட்ரோவில் தடுமாறும் இடங்கள்

ஸ்மார்ட் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே கார்டில் இருவர் நுழைய முடியாது. கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்பதைவிட, ஒவ்வொரு நிலையத்திலும் வரிசையில் நிற்காமல் இருப்பதுதான் இதன் லாபம்.

நுழைவில் பாதுகாப்புச் சோதனை இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை, பைகள் ஸ்கேனருக்குள். பெண்கள் வரிசை பெரும்பாலும் சீக்கிரம் நகரும். பை எடுப்பவர் யார் என்று முன்பே முடிவு செய்யாவிட்டால், பை ஒரு பக்கம் வந்து கிடக்க, உரியவர் இன்னும் வரிசையில் நிற்பார். பழம் நறுக்கும் கத்தியை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்புக் குறி இருக்கும். மனைவியோடு சேர்ந்து ஏறிவிட்டுக் கூட்டத்தின் பார்வையால் அடுத்த பெட்டிக்கு நகரும் கணவர்களைத் தினமும் பார்க்கலாம்.

நிலையத்தின் பெயரை நம்பி நடக்கத் தொடங்காதீர்கள். குதுப் மினார் நிலையத்திலிருந்து மினாருக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஹுமாயூன் கல்லறைக்கு ஜே.எல்.என். ஸ்டேடியத்தில் இறங்கினாலும் ஆட்டோ வேண்டும். மாறாக லால் கிலா, ஜாமா மசூதி, அக்ஷர்தாம் ஆகிய நிலையங்களிலிருந்து நடந்தே போய்விடலாம். ராஜீவ் சௌக்கில் மாலை 6 மணிக்குத் தடம் மாறுவதை முதியவர்களுக்கு வைக்காதீர்கள். அரை மணி நேரம் எங்காவது தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினாலும் போதாது, 8 மணி ஆகட்டும்.

8. ஆட்டோவுக்கு இரண்டு இந்தி எண்கள்

"எத்தனை" என்று கேட்கும் அளவுக்கு இந்தி எல்லாருக்கும் வந்துவிடுகிறது. பதில்தான் புரிவதில்லை. ஏக், தோ, தீன் என்று மனப்பாடம் செய்து வந்தவர்களை இரண்டு சொற்கள் கவிழ்க்கும்.

'டேட் ஸௌ' என்றால் 150. 'டாயீ ஸௌ' என்றால் 250. என் மாமா முதல் சொல்லைக் காதில் வாங்காமல் 'ஸௌ' மட்டும் கேட்டு, நூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு இறங்கினார். ஓட்டுநர் ஏமாற்றுகிறார் என்று இவரும், பயணி ஏமாற்றுகிறார் என்று அவரும் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். இரண்டு பேருமே நேர்மையானவர்கள். 'ஸாடே தீன் ஸௌ' என்றால் 350, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் செல்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். செயலியில் பிடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு சொல் 'பஸ்'. இந்தியில் அதற்குப் 'போதும்' என்று பொருள். பங்களா சாஹிப் குருத்வாராவில் தரையில் அமர்ந்து லங்கர் எனப்படும் பொது உணவைச் சாப்பிடும்போது பருப்பு ஊற்றுபவர் வாளியோடு வந்துகொண்டே இருப்பார். சுற்றிலும் எல்லாரும் கையை நீட்டி "பஸ், பஸ்" என்றதைப் பார்த்து என் அத்தை, "இவர்களுக்கெல்லாம் அப்படி எங்கே போக அவசரம்?" என்று கேட்டார். அங்கே ஆண்களும் பெண்களும் தலையை மூட வேண்டும். துணி வாசலிலேயே கிடைக்கும். ரொட்டியை இரண்டு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

9. அக்ஷர்தாமுக்கு முந்தைய இரவே தயாராகுங்கள்

செல்பேசி, கேமரா, மின்னணுப் பொருட்கள், பை, வெளி உணவு எதுவும் உள்ளே போகாது. காப்பறையில் கொடுத்துவிட்டுச் சோதனையைத் தாண்ட, விடுமுறை நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அன்று பை இல்லாமல் கிளம்புவதே நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

பெரிய சிக்கல் உள்ளே போன பிறகுதான். செல்பேசி இல்லாத குடும்பம் பிரிந்துவிட்டால் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பது எப்படி என்று நம் ஆட்களுக்கு மறந்தேவிட்டது. ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஒருவர் கழிப்பறைக்குப் போய்விட்டு வேறு பக்கமாக வெளியே வந்துவிட்டார். யார் எண்ணும் யாருக்கும் மனப்பாடம் இல்லை. இருட்டிய பின் காப்பறை வாசலில்தான் எல்லாரும் சேர்ந்தோம். ஆகவே நுழையும் முன்பே சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். விடுதியின் பெயர், முகவரி, ஒரு செல்பேசி எண் மூன்றையும் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வையுங்கள், கைப்பணத்தோடு.

10. ஆக்ராவைத் திரும்பும் வழியில் வையுங்கள்

பெரும்பாலோர் டெல்லியில் தங்கிக்கொண்டு ஆக்ராவுக்குப் போய் வருகிறார்கள். அடுத்த நாளே ஊருக்கு ரயில் ஏறி அதே ஆக்ரா வழியாகப் போகிறார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மென்டில் நிற்கும். கடைசி நாளில் அறையைக் காலி செய்துவிட்டு, நிஜாமுதீனிலிருந்து காலை 8 மணியளவில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸில் ஏறினால் 100 நிமிடத்தில் ஆக்ரா. பெட்டிகளை அங்கே கிளோக் ரூமில் போட்டுவிட்டுத் தாஜ்மஹால் பார்த்து, இரவில் அங்கேயே ஊர் ரயிலைப் பிடிக்கலாம். ஓர் இரவு வாடகை மிச்சம். கதிமானும் வெள்ளிக்கிழமை ஓடாது, எனவே கடைசி நாள் வெள்ளியாக அமையாதபடி முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளும் எண்பது வயதுக்காரர்களும் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். இரவு ரயில்வரை காத்திருப்பது நீளம்.

தாஜ்மஹாலுக்கு இந்தியர்களுக்கு 50 ரூபாய், மையக் கல்லறைக்குள் போகக் கூடுதலாக 200 ரூபாய். முதல் டிக்கெட்டை மட்டும் வாங்கிவிட்டு மேடையில் ஏற முடியாமல் நிற்பவர்கள் தினமும் உண்டு. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். டெல்லியில் ஏறும் தரகர் பஸ்களில் போனால் பளிங்குக் கடை, இனிப்புக் கடை என்று நிறுத்தி நிறுத்தி, தாஜுக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சும்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். டிக்கெட்டைப் புது டெல்லியிலிருந்து எடுத்திருந்தால், ஏறும் இடத்தை ஆக்ரா கண்டோன்மென்ட் என்று முன்கூட்டியே இணையத்தில் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் ஆக்ராவில் போய் நின்றால், நீங்கள் வரவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் உங்கள் பெர்த்தை மதுராவுக்கு முன்பே வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்.